உங்கள் இணையத் தளம் என்ன விலை பெறும்?

“டாட் காம் பெயர் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன். நல்ல விலைக்குப் போகுமா?” கம்ப்யூட்டர் பற்றி எழுதுகிறவன் என்று தெரிந்ததும் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. வைரஸ் பற்றிய கேள்விக்கு அடுத்த இடம் இதற்குத்தான். சிலரிடம் வெறும் பெயர் மட்டும் இருக்கிறது. சிலர் மூன்று, நான்கு வருடம் உழைத்து, சமையல் குறிப்பு, போட்டித் தேர்வு வினா விடை, ஜோதிடம் என்று தளம் நடத்தி வருகிறார்கள். எல்லோரும் என்னிடம் எதிர்பார்ப்பது ஒரே ஒரு எண்ணை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுவோம். டொமைன் பெயரும் இணையத் தளமும் ஒரே சரக்கு அல்ல. பெயர் என்பது காலி மனை. தளம் என்பது ஓடிக் கொண்டிருக்கும் கடை. மனைக்கு விலை சொல்கிற முறையில் கடைக்கு விலை சொல்ல முடியாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் 500 ரூபாய் பெறாத பெயருக்கு 5 லட்சம் எதிர்பார்ப்பதும், 2 லட்சம் பெறும் தளத்தை 20,000 ரூபாய்க்குக் கொடுத்து விடுவதும் நடக்கிறது.

மதிப்புச் சொல்லும் தளங்களை நம்பலாமா?

கூகுளில் தேடினால், இணையத் தளத்தின் மதிப்பை இலவசமாகக் கணித்துத் தரும் தளங்கள் வரிசையாக வந்து நிற்கும். பெயரை டைப் செய்து பட்டனை அழுத்தினால் போதும். சில்லறை சென்ட் வரை சுத்தமாக ஒரு தொகையைக் காட்டும். மயங்கி விடாதீர்கள். அதே பெயரை வேறு இரண்டு தளங்களில் கொடுத்துப் பாருங்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது.

இவற்றில் பல, ஒரு காலத்தில் அலெக்சா ரேங்க், கூகுளின் பேஜ் ரேங்க் ஆகிய இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டன. பேஜ் ரேங்க் எண்ணை வெளியே காட்டுவதை கூகுள் 2016-ல் நிறுத்தி விட்டது. அலெக்சா சேவை 2022 மே 1-ம் தேதி மூடப்பட்டது. இன்றைக்கும் யாராவது “என் தளத்தின் அலெக்சா ரேங்க் இவ்வளவு” என்று சொல்லி விற்க வந்தால், மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

கோடாடி, எஸ்டிபாட் போன்றவை கொஞ்சம் பரவாயில்லை. இதற்கு முன் விற்ற பெயர்களோடு ஒப்பிட்டு மதிப்புச் சொல்கின்றன. அப்போதும் அது விலை அல்ல. நான் இவற்றை ஒரே ஒரு வேலைக்குத்தான் பயன்படுத்துவேன். உங்களிடம் பத்துப் பெயர்கள் இருக்கின்றன, எதை ரினியூ செய்வது, எதை விட்டு விடுவது என்று தெரியவில்லை. அப்போது பத்தையும் கொடுத்துப் பார்த்து வரிசைப்படுத்திக் கொள்ளலாம். தொகையைப் பார்க்காதீர்கள், வரிசையை மட்டும் பாருங்கள்.

சான்றிதழ் கேட்கும் ஈமெயில்

மதிப்பீடு என்ற சொல்லை வைத்து ஒரு மோசடி பல வருடங்களாக நடந்து வருகிறது. எங்கள் பகுதியில் அச்சகம் வைத்திருக்கும் ஒருவர் ஒரு நாள் மாலை போன் செய்தார். “சார், என் டொமைனை வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் 4,000 டாலருக்குக் கேட்கிறார் சார். மூன்று லட்சத்துக்கு மேலே வருது. ஒரு சர்டிபிகேட் மட்டும் வாங்கித் தரணுமாம்.”

ஈமெயிலை அனுப்பச் சொல்லிப் படித்தேன். வாங்குபவர் மிக மரியாதையாக எழுதியிருந்தார். பேரம் பேசவில்லை. ஒரே ஒரு நிபந்தனை. பெயரின் மதிப்பை ஒரு ‘நம்பகமான’ நிறுவனத்திடம் சான்றிதழாக வாங்கித் தர வேண்டும். எந்த நிறுவனம் என்று அவரே ஒரு தள முகவரியைக் கொடுத்திருந்தார். கட்டணம் 90 டாலர். வந்த வேலையே அந்த 90 டாலருக்காகத்தான். பணத்தைக் கட்டிய மறு நாள் வாங்குபவர் காணாமல் போய் விடுவார். சான்றிதழ் தருகிற தளமும் அவருடையதே.

அச்சகக்காரர் பணம் கட்டவில்லை. ஆனால் அவருக்கு என் மேல் சற்று வருத்தம்தான். “ஒரு வேளை நிஜமா இருந்திருந்தா?” என்று பிறகும் இரண்டு முறை கேட்டார். நிஜமாக வாங்க வருபவர் மதிப்புச் சான்றிதழ் கேட்க மாட்டார். அவருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை அவரே முடிவு செய்து கொண்டுதான் வருவார்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு ஈமெயில், உங்கள் பெயரை சீனாவில் டாட் சிஎன் என்று யாரோ பதிவு செய்யப் போகிறார்கள், உடனே நீங்களே வாங்கி விடுங்கள் என்று பயமுறுத்தும். அழித்து விடுங்கள்.

காலி மனைக்கு விலை வைப்பது

இனி பெயருக்கு வருவோம். ஊரில் ஒரு மனையின் விலை எப்படி முடிவாகிறது? பக்கத்தில் சமீபத்தில் விற்ற மனை என்ன விலைக்குப் போனது என்று விசாரிப்போம். டொமைனுக்கும் அதே விசாரணைதான். நேம்பயோ என்ற தளத்தில் ஏற்கெனவே விற்ற டொமைன் பெயர்களின் விலையும் தேதியும் பட்டியலாக உள்ளன. உங்கள் பெயரில் உள்ள முக்கியமான சொல்லைக் கொடுத்து, அந்தச் சொல் வரும் பெயர்கள் என்ன விலைக்குப் போயிருக்கின்றன என்று தேடலாம். டாட் காம் பெயரை டாட் காம் பெயரோடு மட்டும் ஒப்பிடுங்கள். டாட் இன், டாட் நெட், டாட் இன்ஃபோ எல்லாம் வேறு தெரு.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பட்டியலில் இருப்பவை விற்ற பெயர்கள் மட்டுமே. விற்காமல் கிடக்கும் கோடிக்கணக்கான பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. நூற்றுக்கணக்கில் பெயர்களை வாங்கி வைத்து விற்பதையே தொழிலாகச் செய்பவர்கள்கூட நூறு பெயரில் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ விற்றால் சரி என்பார்கள். மற்ற 98 பெயர்களுக்கும் வருடா வருடம் பணம் கட்டியாக வேண்டும். டாட் காம் பெயருக்கு வெரிசைன் நிறுவனம் வாங்கும் மொத்த விலையே 2024 செப்டம்பர் முதல் 10.26 டாலர். பதிவாளர் லாபம், வரி எல்லாம் சேர்ந்து நம் கைக்கு வரும்போது ஆயிரம் ரூபாயைத் தாண்டும். பத்துப் பெயரைப் பத்து வருடம் வைத்திருந்தால் ஒரு லட்சம் போய் விடும். விலை சொல்லும்போது இந்தச் செலவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்தது, பெயரின் லட்சணம். சின்னதாக இருக்க வேண்டும், பொருள் இருக்க வேண்டும், ஹைபனும் எண்ணும் இருக்கக் கூடாது. இதெல்லாம் எல்லோரும் சொல்வது. நான் செய்யும் சோதனை ஒன்றுதான். பெயரை போனில் ஒருவருக்குச் சொல்லுங்கள். அவர் திருப்பிக் கேட்காமல் சரியாக டைப் செய்து விட்டால் அது நல்ல பெயர்.

தமிழ்ப் பெயர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். “பழமுதிர்” என்று சொல்கிறீர்கள். ழகரத்துக்கு ஆங்கிலத்தில் இசட், எச் இரண்டும் போடுவதா, இசட் மட்டுமா, எல் போதுமா? “பாட்டி” என்றால் ஒரு ஏயா, இரண்டு ஏயா? டீ எத்தனை? ஒரே சொல்லை நாலைந்து விதமாக எழுதலாம் என்றால், அதில் ஒன்றை மட்டும் வைத்திருப்பவரிடம் இருப்பது முழு மனை அல்ல, ஒரு துண்டுதான். மற்ற துண்டுகளை அடுத்தவர் வாங்கிக் கொள்ளலாம். இட்லி, மதுரை மாதிரி ஆங்கில எழுத்தில் ஒரே விதமாக எல்லோரும் எழுதிப் பழகிய சொற்களுக்கு மதிப்பு கூடுவது இதனால்தான். தமிழ் எழுத்திலேயே பெயர் பதிய டாட் இந்தியா என்ற வசதி இருக்கிறது. ஆசைக்கு ஒன்று வைத்துக் கொள்ளலாம். விற்று லாபம் பார்க்க அல்ல.

பழைய பெயர் என்றால் அதன் ஜாதகத்தையும் பார்க்க வேண்டும். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் உள்ள வேபேக் மெஷினில் பெயரைக் கொடுத்தால், 1996 முதல் சேமித்து வரும் பக்கங்களில் அந்த முகவரியில் என்ன இருந்தது என்று காட்டும். நடுவில் இரண்டு வருடம் சூதாட்டத் தளமாக இருந்திருந்தால், எத்தனை அழகான பெயரானாலும் விலையைக் குறைத்தே கேளுங்கள்.

பக்கத்து மனைக்காரர் கொடுக்கும் விலை

மனைக்கு இரண்டு விலை உண்டு. புரோக்கர் வாங்கினால் ஒரு விலை. மனையை ஒட்டி வீடு கட்டியிருப்பவர் வாங்கினால் வேறு விலை. அவருக்கு அந்த இடம் வேண்டும். வேறு இடம் உதவாது. டொமைனிலும் லட்சங்களும் கோடிகளும் வருவது இந்த இரண்டாவது வகை ஆளிடமிருந்துதான்.

எஃப்பி டாட் காம் என்ற பெயரை அமெரிக்க விவசாயிகள் அமைப்பான ஃபார்ம் பீரோ வைத்திருந்தது. அதன் பெயரின் முதல் எழுத்துகள் அவை. ஃபேஸ்புக் அதை 2010-ல் வாங்கக் கொடுத்த விலை 85 லட்சம் டாலர். வேறு யாரும் அந்த இரண்டெழுத்துக்கு அவ்வளவு கொடுத்திருக்க மாட்டார்கள். டெஸ்லா கார் நிறுவனம் பல வருடம் டெஸ்லா மோட்டார்ஸ் டாட் காம் என்ற நீளமான முகவரியில்தான் இருந்தது. டெஸ்லா டாட் காம் 2016-ல்தான் கைக்கு வந்தது. அதற்குப் பத்து வருடத்துக்கு மேலும் 1.1 கோடி டாலரும் ஆனதாக எலான் மஸ்க் 2018-ல் சொன்னார்.

இதைப் படித்ததும் “அப்படியானால் பெரிய கம்பெனிகளுக்குத் தேவைப்படும் பெயரை முன்கூட்டியே பதிந்து வைத்தால் என்ன?” என்று தோன்றும். தோன்றியவர்கள் நிறையப் பேர். நம் நாட்டிலேயே 2024 அக்டோபரில் ஒரு சம்பவம் நடந்தது. ஜியோ சினிமாவும் ஹாட்ஸ்டாரும் இணையலாம் என்று ஊகித்து, டெல்லியைச் சேர்ந்த ஒரு இளைஞர் ஜியோஹாட்ஸ்டார் டாட் காம் பெயரை முன்பே பதிந்து வைத்திருந்தார். இணைப்பு உறுதியானதும், கேம்பிரிட்ஜில் படிக்கும் செலவைக் கொடுத்தால் பெயரைத் தருகிறேன் என்று அதே முகவரியில் ரிலையன்சுக்குக் கடிதம் எழுதி வைத்தார். நம் பணத்தில் ஏறக்குறைய ஒரு கோடி. கம்பெனி சம்மதிக்கவில்லை, சட்ட நடவடிக்கை வரும் போலிருக்கிறது என்று பிறகு அவரே எழுதினார். பெயர் அதற்குப் பின் துபாயில் உள்ள இரண்டு பிள்ளைகளின் கைக்குப் போனது. அவர்கள் அதை இலவசமாகவே தரத் தயார் என்றார்கள். ஜியோஹாட்ஸ்டார் 2025 பிப்ரவரியில் தொடங்கியது.

அந்த இளைஞர் மேல் பலருக்கு அனுதாபம். எனக்கும் உண்டு. ஆனால் விலை என்று பார்த்தால், ஜியோ, ஹாட்ஸ்டார் இரண்டும் அடுத்தவருடைய டிரேட் மார்க். அந்தப் பெயரை வாங்கக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர். அவருக்குப் பேரம் பேச வேண்டிய அவசியமே இல்லை, வழக்குப் போடலாம். டொமைன் பெயருக்கும் டிரேட் மார்க் போலவே பாதுகாப்பு உண்டு என்று நம் உச்ச நீதிமன்றம் சத்யம் இன்ஃபோவே வழக்கில் 2004-லேயே தீர்ப்புச் சொல்லி விட்டது. கோர்ட்டுக்குப் போகாமலே முடிக்கவும் வழி உண்டு. டாட் காம் பெயர்களுக்கு யுடிஆர்பி, டாட் இன் பெயர்களுக்கு ஐஎன்டிஆர்பி என்ற நடைமுறைகள் இருக்கின்றன. உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பில் ஒரு நடுவரை வைத்து ஒரு பெயரை மீட்க, புகார் கொடுப்பவருக்கு ஆகும் கட்டணம் 1,500 டாலர். அவ்வளவு குறைந்த செலவில் முடிகிற காரியத்துக்கு யார் கோடி கொடுப்பார்கள்? மார்க்கின் சொந்தக்காரரிடமே விற்கும் நோக்கத்தில் பதிந்தது என்று தெரிந்தால், அதுவே உங்களுக்கு எதிரான சாட்சி. பெயர் பறிபோகும். நஷ்ட ஈடாக உங்களுக்குப் பைசா வராது.

ஆகவே பிரபலமான கம்பெனிப் பெயர், நடிகர் பெயர், வரப் போகும் சினிமாப் பெயர் ஆகியவற்றின் விலை எப்போதும் பூஜ்யம் என்றே எழுதிக் கொள்ளுங்கள். இட்லி, தங்கம், மாடித் தோட்டம் போன்ற பொதுச் சொற்கள் யாருக்கும் சொந்தமில்லை. அவற்றுக்குத்தான் விலை உண்டு.

ஓடுகிற கடைக்கு விலை

இனி தளம். பிசினஸ் டாட் காம் கதை இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். 1997-ல் ஒன்றரை லட்சம் டாலருக்குக் கை மாறியது. இரண்டே வருடத்தில், 1999-ல், 75 லட்சம் டாலர். 2007-ல் 34.5 கோடி டாலர்! பெயர் வியாபாரம் செய்பவர்கள் இதை வாயூறச் சொல்வார்கள். ஆனால் முதல் இரண்டு முறை விற்றது பெயர். மூன்றாவது முறை விற்றது, அந்தப் பெயரில் விளம்பர வருமானத்தோடு நடந்து கொண்டிருந்த கம்பெனி. அதை வாங்கிய நிறுவனம் 2009-ல் திவால் மனு போட்டது தனிக் கதை.

நம் அளவுக்கு வருவோம். ஒரு சமையல் தளம் விளம்பரத்தில் மாதம் சராசரி 12,000 ரூபாய் சம்பாதிக்கிறது என்று வைத்துக் கொள்வோம். நடத்துபவர் ஒரு குடும்பத் தலைவி. விலை என்ன சொல்வார்? “மாதம் 12,000, மூன்று வருட வருமானம் கொடுங்கள்” என்று 4,32,000 ரூபாய் கேட்பார்.

வாங்குபவர் போடும் கணக்கு வேறு. ஹோஸ்டிங், டொமைன் செலவு மாதம் 500 கழியும். குறிப்பு எழுதித் தரும் பெண்ணுக்கு மாதம் 2,500 கழியும். மீதி 9,000. இத்துடன் விடுவாரா? அந்த அம்மா மாதம் இருபது மணி நேரம் உட்கார்ந்து படம் எடுக்கிறார், கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார். வாங்குபவர் அதற்கு ஆள் வைத்தால் 3,000 ஆகும். மீதி 6,000. இதுதான் உண்மையான மாத லாபம். சின்னத் தளங்கள் பொதுவாக 24 முதல் 40 மாத லாபத்துக்குக் கை மாறுகின்றன. நடுவில் 30 மாதம் என்று வைத்தால் 1,80,000 ரூபாய். கேட்ட விலைக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. சொந்த உழைப்பை ஒருவர் கழித்தார், ஒருவர் கழிக்கவில்லை, அவ்வளவுதான்.

24 மாதமா, 40 மாதமா என்பதை முடிவு செய்வது, அந்த லாபம் நாளைக்கும் வருமா என்ற நம்பிக்கை. பன்னிரண்டு மாதக் கணக்கைக் கேளுங்கள். தீபாவளி சமயத்தில் விளம்பர வருமானம் ஏறும். அக்டோபர், நவம்பர் மாதக் கணக்கை மட்டும் காட்டி விற்பது பழைய தந்திரம். ஸ்கிரீன் ஷாட் வேண்டாம். படத்தில் எண்ணை மாற்ற ஐந்து நிமிடம் போதும். விற்பவர் தன் கம்ப்யூட்டர் திரையை உங்களோடு பகிர்ந்து, ஆட்சென்ஸ் கணக்கையும் கூகுள் அனலிடிக்ஸ் கணக்கையும் உங்கள் கண் முன் திறந்து காட்டட்டும். அனலிடிக்ஸ் பார்க்க உங்கள் ஈமெயிலுக்கு அனுமதி கொடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது. தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

அனலிடிக்சில் நான் முதலில் பார்ப்பது வருகை எண்ணிக்கையை அல்ல. எங்கிருந்து வருகிறார்கள் என்பதைத்தான். நூற்றில் தொண்ணூறு பேர் கூகுள் தேடல் வழியாக வருகிறார்கள் என்றால், அந்தத் தளத்தின் சாவி கூகுளிடம் இருக்கிறது. 2023 செப்டம்பரிலும் 2024 மார்ச்சிலும் கூகுள் தன் தேடல் முறையை மாற்றியபோது, உலகெங்கும் ஏராளமான சின்னத் தளங்கள் வருகையில் பெரும் பகுதியை இழந்தன. 2024-ல் தேடல் பக்கத்திலேயே செயற்கை நுண்ணறிவு விடை சொல்லும் வசதியும் வந்து விட்டது. விடை அங்கேயே கிடைத்தால் தளத்துக்குள் யார் வருவார்? முகவரியை நேராக டைப் செய்து வருபவர்கள், ஈமெயில் பட்டியலில் இருப்பவர்கள், வாட்ஸ்அப் சேனல் வழியாக வருபவர்கள் ஆகியோர்தான் இன்று ஒரு தளத்தின் குட்வில். இவர்கள் பாதிக்குப் பாதி இருந்தால் விற்பவர் தயங்காமல் 36 மாத விலை கேட்கலாம்.

வாங்குபவர்களுக்கு இரண்டு விஷயம். ஆட்சென்ஸ் கணக்கை ஒருவர் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. உங்களுக்குச் சொந்தமாக, அங்கீகாரம் பெற்ற கணக்கு இல்லையென்றால், வாங்கிய மறு நாள் வருமானம் நின்று விடும். இன்னொன்று, படங்களும் குறிப்புகளும் யாருடையவை? பத்திரிகையிலிருந்து டைப் செய்தவை, வேறு தளத்திலிருந்து எடுத்த போட்டோக்கள் என்றால், பக்கங்களோடு சேர்த்து வழக்கையும் வாங்குகிறீர்கள். ஏதாவது ஐந்து பத்தியைக் காப்பி செய்து கூகுளில் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் பெரும்பாலும் தெரிந்து விடும்.

வருமானமே இல்லாத தளத்துக்கு? உங்கள் உழைப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் அது பெயரின் விலைக்குத்தான் போகும். 300 தரமான கட்டுரைகள் சொந்தமாக எழுதியவை என்றால், அவற்றை இன்று எழுதி வாங்க என்ன ஆகும் என்று கணக்கிட்டு அதில் ஒரு பகுதியைக் கேட்டுப் பார்க்கலாம். தருபவர் அபூர்வம். விற்பதற்கு முன் ஆறு மாதம் விளம்பரம் போட்டுச் சிறிதாவது வருமானத்தைக் காட்டி விட்டு வாருங்கள். மாதம் 1,000 ரூபாய் வந்தாலும் பேசுவதற்கு ஒரு பிடி கிடைக்கும்.

பணமும் பெயரும் கை மாறும்போது

விலை பேசி முடித்த பிறகுதான் பலர் ஏமாறுகிறார்கள். பெயரை ஒரு பதிவாளரிடமிருந்து இன்னொரு பதிவாளருக்கு மாற்ற ஒரு ரகசியக் குறியீடு தேவை. ஆத் கோட் என்பார்கள். அது வீட்டுச் சாவி மாதிரி. பணம் வரும் முன் கொடுக்காதீர்கள். வாங்குபவரும் பெயர் கைக்கு வரும் முன் முழுப் பணத்தைக் கொடுக்க மாட்டார். இந்த இழுபறிக்காகத்தான் எஸ்க்ரோ சேவைகள் இருக்கின்றன. எஸ்க்ரோ டாட் காம் 1999 முதல் இதைச் செய்கிறது. நடுவில் நின்று பணத்தை வாங்கி வைத்துக் கொள்ளும். பெயர் மாறியது உறுதியானதும் விற்றவருக்குக் கொடுக்கும். ஒரு கட்டணம் உண்டு. வாங்குபவர் தானே ஒரு எஸ்க்ரோ தளத்தின் லிங்க்கை அனுப்பினால் அதைக் கிளிக் செய்ய வேண்டாம். போலித் தளமாக இருக்கலாம். முகவரியை நீங்களே டைப் செய்து போங்கள்.

இருவரும் ஒரே பதிவாளரிடம் கணக்கு வைத்திருந்தால் வேலை சுலபம். ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தள்ளி விடலாம், சில நிமிடங்களில் முடியும். தளமாக இருந்தால் பைல்கள், டேட்டாபேஸ், ஃபேஸ்புக் பக்கம், யூடியூப் சேனல், ஈமெயில் பட்டியல் என்று எவையெல்லாம் விலையில் அடக்கம் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொள்ளுங்கள். விற்றவர் பெயரை மாற்றிக் கொடுத்த கையோடு, அந்த டொமைனில் உள்ள ஈமெயில் முகவரியை வைத்து எங்கெங்கே கணக்குத் திறந்தோம் என்று ஒரு முறை யோசிப்பது நல்லது. வங்கிக்கு அந்த ஈமெயிலைக் கொடுத்திருந்தால், அடுத்த வாரம் முதல் உங்கள் ஸ்டேட்மெண்ட் வாங்கியவரின் இன்பாக்சுக்குப் போகும்.